கெரிட்டுக்குப் பக்கத்து இடம்

டோவ் கிரீக் களநிலையம், மினசோட்டா
28 அக்டோபர் 1996

அன்புள்ள ஹெர்மினா அண்ணி,

போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். பேச்சைவிட எழுத்தில் நான் கொஞ்சம் நாகரிகமானவள் என்று அண்ணன் சொல்வார்.

அடக்கத்தன்று நான் செய்தது தவறு. போதகர் ஜெபித்துக்கொண்டிருந்தார், ஊரே தலை குனிந்து நின்றது. நான் குழி ஓரத்தில் மண்டியிட்டு, அங்கே விரித்திருந்த பச்சை பிளாஸ்டிக் புல்விரிப்பை விலக்கி, உள்ளே கையை விட்டேன். நான் துக்கம் தாங்காமல் விழுந்துவிட்டேன் என்று நினைத்து நீங்கள் என் தோளைப் பிடித்தீர்கள். நான் உங்களைத் திரும்பிப் பார்த்து, "அண்ணி, இந்த மண்ண யாருமே உழுததில்ல" என்றேன். அப்போது உங்கள் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. என்னை மன்னியுங்கள்.

கடிதத்தை இந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

அந்தக் குழியின் சுவரை நீங்கள் பார்க்கவில்லை. மேலே விரல் உயரத்துக்கு வெட்டிய புல்தரை, எல்லார் வீட்டு வாசலிலும் இருப்பது மாதிரி. அதன் கீழே கரிய மண். அந்த மண் முழுக்க வேர். தலைமுடி போல மெல்லியது, கயிறு போலத் தடித்தது, எல்லாம் நேராகக் கீழே இறங்கி, குழியின் அடிவரை போய், அதையும் தாண்டிப் போயிருந்தது. அண்ணனைவிட ஆழமாகப் போயிருந்தது. வாரா வாரம் வெட்டுப்பட்ட புல்லுக்கு அப்படி வேர் இருக்காது அண்ணி. நம் முன்னோர் ஏர் பூட்டி வருவதற்கு முன்னால் இங்கே இருந்த புல்வெளியின் வேர் அது. கல்லறைக்கு என்று ஒதுக்கியதால் அந்த நிலத்தில் மட்டும் கலப்பை இறங்கவே இல்லை. இத்தனை வருடம் மொட்டையடித்தும் அது உயிரோடு இருக்கிறது.

நான் பதினைந்து வருடமாக இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். அண்ணனின் குழியில் வந்து கிடைத்தால் நான் என்ன செய்வது?

ஒரே ஒரு வேண்டுகோள். வரும் வசந்தத்தில் அண்ணன் படுத்திருக்கும் அந்தப் பள்ளமான மூலையை மட்டும் வெட்டாமல் விடச் சொல்லுங்கள். கல்லறைக் குழுவில் உங்கள் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

அன்புடன்,
அலைடா


நியூ டோக்கம், ஐயோவா
9 நவம்பர் 1996

அலைடா,

உன் கடிதம் வந்தது. மன்னிப்பு நான்கு வரி, மண் ஒரு பக்கம்.

அடக்கம் முடிந்து சபையின் நிலவறையில் எல்லாரும் பன்றி இறைச்சி பன்னும் காப்பியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கல்லறைக் குழுவின் டர்க் ஸ்டீன்ஸ்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்க நாத்தனார் குழிக்குள்ள என்ன தேடுனாங்க? மூக்குக்கண்ணாடி விழுந்துருச்சா?" என்று கேட்டான். அவன் கேலிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். நான் ஆமாம் என்றேன். உனக்காக என் புருஷன் அடக்கத்தன்று நான் பொய் சொன்னேன்.

இருபத்திரண்டு வருடம் அந்தக் கல்லறையில் புல் வெட்டியவர் உன் அண்ணன். சனிக்கிழமை தவறினதில்லை. ஞாயிறன்று சபைக்கு வருகிறவர்கள் தங்கள் அப்பா அம்மாவைச் சுத்தமான இடத்தில் பார்க்க வேண்டும் என்பார். கல்லைச் சுற்றி வெட்டும் வண்டி போகாத இடத்தில் கத்திரிக்கோலால் வெட்டுவார். அதை நீ மொட்டையடித்தது என்று எழுதுகிறாய்.

இனி அந்த வேலையை நான் செய்கிறேன். குழு ஒத்துக்கொண்டது. என்னால் அவருக்குச் செய்ய முடிவது இப்போது அது ஒன்றுதான். அதையும் செய்யாதே என்கிறாய்.

அந்தப் பள்ளத்து மூலை யாருக்கும் வேண்டாத இடம். வசந்தத்தில் தண்ணீர் நிற்கும். கெரிட் அதைத்தான் கேட்டு வாங்கினார், இரண்டு பேருக்கும் சேர்த்து. கல் போன வாரம் வந்தது. அவர் பெயரும் என் பெயரும் பக்கத்தில் பக்கத்தில். என் பெயருக்குக் கீழே 1931 என்று போட்டு, ஒரு கோடு இழுத்து, மிச்சத்தை விட்டிருக்கிறார்கள். நான் போய்ப் படுக்கப் போகிற இடம் அது. அங்கே களை மண்டிக் கிடக்க நான் விடமாட்டேன்.

ஹெர்மினா


டோவ் கிரீக்
17 ஜனவரி 1997

அன்புள்ள அண்ணி,

இங்கே பனி ஜன்னல் வரை ஏறிவிட்டது. வெளியில் வேலை இல்லை. விதை சுத்தம் செய்துகொண்டிருக்கிறோம். தகரத் தட்டில் கொட்டி, ஊதி, சலித்து, பையில் போடுகிறோம். சும்மா இருக்கும் கைக்கு இது நல்லது, சும்மா இருக்கும் மனத்துக்கு ஆகாது. உங்களை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

என் வேலை என்ன என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். "புல் நடுறா" என்று அண்ணன் சொல்லி முடித்துவிட்டார். கிட்டத்தட்ட அதுதான். விவசாயம் கைவிட்ட மக்காச்சோள நிலத்தை வாங்கி, அதில் எண்பது வகைப் புல்லும் பூச்செடியும் விதைக்கிறோம். ஐந்தாறு வருடத்தில் பூத்துக் குலுங்கும். பார்க்க வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். பழைய பிரெய்ரிப் புல்வெளி திரும்பி வந்துவிட்டது என்று பத்திரிகையில் எழுதுவார்கள்.

திரும்பி வரவில்லை அண்ணி. உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மேலே தெரிவதை எங்களால் விதைக்க முடியும். மண்ணுக்குள் இருந்த உயிர்களை விதைக்க முடியாது. சில பூச்செடிகளின் விதை, அதற்கென்று உள்ள பூஞ்சை மண்ணில் இருந்தால்தான் முளைக்கும். நாங்கள் எத்தனை முறை கொட்டினாலும் மாவைக் கொட்டின மாதிரி வீணாகப் போகும். கலப்பை ஒருமுறை புரட்டியதும் போனது போனதுதான்.

ஐயோவா முழுக்க ஒரு காலத்தில் புல்வெளி. குதிரை மேல் உட்கார்ந்தவன் தலை மட்டும் தெரியும் உயரம். அதில் மிஞ்சியது ரயில் பாதை ஓரமும், உழவு வண்டி திரும்ப முடியாத சந்தும், சில கல்லறைகளும்தான். உங்கள் மூலை அதில் ஒன்று.

அங்கே நான் நடுவதற்கு எதுவும் இல்லை. உள்ளே இருப்பதை வெளியே வர விட்டால் போதும். வெட்டுவதை நிறுத்த வேண்டும், எப்போதாவது ஒரு வசந்தத்தில் அளவாகத் தீ வைக்க வேண்டும். தீ என்றதும் கடிதத்தைக் கிழிக்காதீர்கள். தீயில் வளர்ந்த புல் அது.

எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு, சொல்லிவிடுகிறேன். அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது நான் நெப்ராஸ்காவில் நாரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன் என்று நீங்கள் சபையில் நாலு பேரிடம் சொன்னீர்கள். நாரை எண்ணவில்லை. வண்ணத்துப்பூச்சி.

அலைடா


நியூ டோக்கம்
12 மே 1997

அலைடா,

நாரையோ வண்ணத்துப்பூச்சியோ, நீ வரவில்லை. உன் அம்மா உன்னைக் கேட்டார், நான் வழியில் இருக்கிறாய் என்றேன். ஆக உனக்காக நான் சொன்ன பொய் இரண்டு.

ஆனாலும் குளிர்காலம் முழுக்க உன் கடிதம் சமையலறை மேசையில்தான் கிடந்தது. கூடப் பேச யாரும் இல்லாவிட்டால் சண்டைக்காரியின் கடிதம்கூட ஒரு துணை.

பனி உருகி அந்த மூலையில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. வண்டி இறங்கினால் புதையும். அதனால் அங்கே மட்டும் இதுவரை வெட்டவில்லை. உனக்காக இல்லை, தண்ணீருக்காக. மாதக் கடைசியில் நினைவு நாள். ஊர் முழுக்கப் பூவும் கொடியும் எடுத்துக்கொண்டு வரும். அதற்குள் காய்ந்தால் வெட்டுவேன்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. கெரிட்டின் குழிமேட்டில் மண் மொட்டையாக இருந்தது. சாதாரணப் புல் விதை வாங்கத்தான் கடைக்குப் போனேன். அங்கே 'புல்வெளிக் காட்டுப்பூக்கள்' என்று பொட்டலம் தொங்கியது. அட்டையில் வெள்ளை, மஞ்சள், ஊதா என்று அழகான படம். உன் ஞாபகம் வந்தது. மூன்று பொட்டலம் வாங்கி, மேட்டிலும், என் பக்கத்திலும், சுற்றிலும் தாராளமாகத் தூவிவிட்டேன். உன் பிரெய்ரியை நானே கொண்டுவந்துவிட்டேன் பார். ஜூலையில் வந்தால் உனக்குப் பூ இருக்கும்.

இதை ஒரு சமாதானமாக எடுத்துக்கொள்.

ஹெர்மினா


டோவ் கிரீக்
17 மே 1997

அண்ணி,

அந்தப் பொட்டலத்தில் இருப்பது ஐரோப்பாவின் சாலையோரச் செடிகள். அந்த வெள்ளைப் பூ ஒருமுறை பிடித்தால் நாங்கள் ஒரு தலைமுறை பிடுங்க வேண்டும். கலப்பைக்கும் வெட்டும் வண்டிக்கும் தப்பி நூற்றிருபது வருடம் உயிரோடு இருந்த மண்ணில், கடையில் தொங்கிய குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறீர்கள். அதுவும் தாராளமாக.

தயவுசெய்து இனி எனக்கு உதவி எதுவும் செய்யாதீர்கள். பேசாமல் வெட்டியே இருக்கலாம்.

அலைடா


டோவ் கிரீக்
19 மே 1997

அண்ணி, நேற்று முன்தினம் போட்ட கடிதத்தைப் பிரிக்காதீர்கள். பிரித்திருந்தால், அதில் இருப்பது உண்மை, ஆனால் உங்களுக்கு அப்படி எழுதும் உரிமை எனக்கு இல்லை. நீங்கள் எனக்காக விதை வாங்கியது இதுதான் முதல்முறை. அதை நான் யோசிக்கவே இல்லை.

அலைடா


நியூ டோக்கம்
4 ஆகஸ்ட் 1997

அலைடா,

இரண்டையும் பிரித்தேன். முதலாவதைப் படித்து பத்து நாள் உன்னிடம் பேசவில்லை. நீ இங்கே இல்லாததால் உனக்கு அது தெரியாது.

பிறகு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனேன். முழங்காலுக்கு ஒரு மெத்தை போட்டு, அட்டையில் இருக்கும் படத்தை ஒவ்வொரு முளையோடும் ஒப்பிட்டுப் பார்த்து, படத்தில் இருப்பதை எல்லாம் பிடுங்கினேன். ஜூன் முழுக்க அதுதான் வேலை. சிறு இலையில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தது. கண்ணாடியை மாற்ற வேண்டியதாயிற்று. டர்க் வந்து வேலியில் சாய்ந்துகொண்டு, "இந்தக் குடும்பத்துப் பொம்பளைங்களுக்கு இந்தக் கல்லறைல என்னதாம்மா தொலைஞ்சுது?" என்றான். "உன்னோட புத்தி. கெடச்சா குடுக்குறேன், போ" என்றேன்.

நாற்பது வருடம் அந்தக் கல்லறையில் நின்றிருக்கிறேன், அந்த மண்ணில் முழங்கால் போட்டதில்லை. குனிந்து பார்த்தால் அது புல்லே இல்லை. ஒரு கையகல இடத்தில் எத்தனை வகை இலை. வெள்ளி ரோமம் வைத்தது, மரத்தண்டு போலக் கடினமானது, கசக்கினால் எலுமிச்சை மணப்பது. ஒன்றின் பெயரும் எனக்குத் தெரியாது. வெட்டாமல் விட்டதும் முழங்கால் வரை வந்தன. நான் வைத்த மாதிரி இல்லை, அவை எப்போதும் அங்கேயே இருந்த மாதிரி வந்தன. ஒரு நாள் காலையில் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கெரிட் இருபத்திரண்டு வருடம் இதன் மேல் வண்டி ஓட்டினார். ஒரு நாள்கூட இதைப் பார்த்ததில்லை.

நினைவு நாளில் நம் மூலையை மட்டும் வெட்டாமல் விட்டேன். குழுவில் என்னைக் கேட்டார்கள். தண்ணீர் என்றேன். அன்று தண்ணீர் இல்லை. ஆக பொய் மூன்று.

ஒன்று கேட்க வேண்டும். கல்லுக்கு வலப்பக்கம், என் பெயருக்கு நேர் கீழே, லில்லி மாதிரி தடித்த பளபளப்பான இலை இரண்டு வந்திருந்தது. அட்டையில் அந்தப் படம் இல்லை. அதனால் பிடுங்கவில்லை. சரிதானே?

ஹெர்மினா


டோவ் கிரீக்
21 பிப்ரவரி 1998

அன்புள்ள அண்ணி,

ஆகஸ்டில் உங்கள் கடிதம் கண்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன், அந்த இலைகள் காய்ந்து போயிருந்தன. அது என்ன என்று நீங்கள் காப்பி ஊற்றும்போது மூன்று முறை கேட்டீர்கள். நான் சொல்லவில்லை. இப்போதும் சொல்ல மாட்டேன். தவறாக இருந்தால் உங்களைவிட என்னால்தான் தாங்க முடியாது.

அன்று நான் தீயைப் பற்றிக் கேட்டதற்கு, "உங்க அண்ணன் மேல நான் தீ வைக்க மாட்டேன்" என்று சொன்னீர்கள். அதோடு நான் எழுந்து வந்துவிட்டேன். கோபத்தில் இல்லை. நீங்கள் சொன்னது எனக்கும் வலித்தது.

ஆனால் கிறிஸ்துமஸ் அட்டையின் மூலையில் சின்ன எழுத்தில், 'அக்டோபரில் அந்த மூலை செம்பு நிறமாக மாறியது, இரண்டு நாள் போய்ப் பார்த்தேன், ஏப்ரலில் காற்று எந்தப் பக்கம் வேண்டும்' என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுக் களநிலையத்தில் எல்லாரிடமும் காட்டினேன். நாலு மாதமாக நான் கேட்காத கேள்வியை நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

தென்மேற்குக் காற்று வேண்டும், மெல்லியதாக. ஆட்களோடும் தண்ணீர் வண்டியோடும் நான் வருகிறேன். மேட்டைச் சுற்றி ஈரக்கோடு போடுவேன், அண்ணன் மேல் தீ வராது.

அலைடா


நியூ டோக்கம்
2 மே 1998

அலைடா,

நீ கிளம்பும்போது சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

குழுவை நான் எப்படிச் சமாளித்தேன் என்று கேட்டாய். "எம் புருஷன் படுத்திருக்கிற மூலை. எனக்கே ஆட்சேபம் இல்ல. உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றேன். டர்க் மட்டும், "ஹெர்மினா, செத்தவங்களுக்கு மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றான். ஓட்டில்தான் ஜெயித்தேன், பேச்சில் இல்லை.

தீ வைத்த அன்று அவனே ஈரச்சாக்கோடு வந்து நின்றதைப் பார்த்தாய். போதகர் எல்லாருக்கும் பெப்பர்மின்ட் மிட்டாய் கொடுத்தார், பிரசங்கத்துக்கு நடுவில் கொடுக்கிற மாதிரி.

தீ என்றால் எனக்குக் கொட்டகை எரிந்ததுதான் தெரியும். இது அப்படி இல்லை. காய்ந்த புல்லில் ஏறி, ஆள் உயரம் எழும்பி, ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தம் போட்டது, கல்லைத் தொட்டதும் இரண்டாகப் பிரிந்து, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டது. நீ போட்ட ஈரக்கோட்டின் கரையில் வந்து மேட்டைத் தொடாமல் அடங்கியது. நான் கடவுளை நினைத்தேன். பயத்தில் இல்லை. அவ்வளவு பெரிய ஒன்று சொன்ன சொல் கேட்டு நிற்பதைப் பார்த்ததில் நினைத்தேன்.

கறுத்த தரையில் கல் மட்டும் வெள்ளையாக நின்றது. வீட்டுக்குப் போய் அழுதேன். தப்புச் செய்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு சபை முடிந்து எல்லாரும் பார்க்கப் போனோம். கரிக்குள்ளிருந்து பச்சை. எண்ண முடியாத பச்சை, ஒவ்வொன்றும் ஊசி மாதிரி. டர்க் தொப்பியைக் கழற்றினான். அவன் அப்பாவும் அந்தக் கல்லறையில்தான் படுத்திருக்கிறார். "எங்கப்பா இதப் பாத்துருக்கணும்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

ஹெர்மினா


நியூ டோக்கம்
6 ஜூலை 1998

அலைடா,

நீ பெயர் சொல்லாமல் வைத்திருந்தது பூத்துவிட்டது.

இதை எழுத நான் தகுதியானவள் இல்லை. போனில் சொல்லியிருக்கலாம், சொன்னால் நீ குறுக்கே பேசிக்கொண்டே இருப்பாய். அதனால் இதைக் கடைசிவரை படி.

முழங்காலுக்கு மேல் உயரம். தடித்த தண்டு. அதில் வெள்ளைப் பூக்கள் அடுக்கடுக்காக. ஒவ்வொரு பூவின் கீழ் உதடும் கிழிந்த லேஸ் மாதிரி நூல் நூலாக இருக்கிறது. என் கல்யாண முக்காட்டில் என் அம்மா பின்னியதுகூட அவ்வளவு நுணுக்கமில்லை. பகலில் மணமே இல்லை. வெளிச்சம் குறையக் குறைய மணம் ஏறுகிறது. இதைக் கண்டுபிடித்ததும் மடக்கு நாற்காலி எடுத்துப்போய்க் கல்லுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன், சாயங்காலம் சாயங்காலம்.

நாலாவது சாயங்காலம் சூரியன் மறைந்து வானம் மஞ்சளாக இருந்தபோது ஒன்று வந்தது. முதலில் குருவி என்று நினைத்தேன். குருவி ஒரே இடத்தில் நின்று பறக்குமா? அந்துப்பூச்சி. என் கை அகலம். அதன் இறக்கைக் காற்று என் முகத்தில் பட்டது. பூவுக்கு முன்னால் நின்று, முகத்தில் சுருட்டி வைத்திருந்த நாக்கை அவிழ்த்தது. அலைடா, அந்த நாக்கு என் விரலைவிட நீளம். அதைப் பூவின் பின்னால் தொங்கும் குழாய்க்குள் விட்டது, கடைசிவரை விட்டது, முகம் பூவில் போய் முட்டியது. அந்தக் குழாயும் அந்த நாக்கும் ஒரே அளவு. யார் அளந்தது?

அது முகத்தை எடுத்தபோது கண்ணில் மஞ்சளாகச் சின்னக் கொம்பு மாதிரி ஒட்டியிருந்தது. அது வரும்போதே ஒரு கண்ணில் ஒன்று இருந்தது. போகும்போது இரண்டு கண்ணிலும். நன்றாகப் பார்த்தேன், கண்ணாடி புதுசு.

அது ஒவ்வொரு பூவாகப் போனது. நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது. போன பிறகு கெரிட்டிடம், "பாத்தீங்களா?" என்று சத்தமாகக் கேட்டேன். அவர் போனதிலிருந்து நான் அவரிடம் பேசியது அதுதான் முதல்தடவை.

ஹெர்மினா


டோவ் கிரீக்
10 ஜூலை 1998

அண்ணி,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், பிறகு தரையில் உட்கார்ந்து படித்தேன்.

அதன் பெயர் வெள்ளைக் குஞ்ச ஆர்க்கிட். நம் மாவட்டத்தில் உங்கள் பாட்டன் காலத்தோடு அழிந்துவிட்டது என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. நான் பதினேழு வருடமாக இந்தப் பூவோடு வேலை செய்கிறேன். பூச்சி வருவதில்லை என்று பல்குத்தும் குச்சியால் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றில் வைக்கிறோம். இந்த வருடம் உங்கள் பூவுக்கும் ஒரு குச்சி தயாராக வைத்திருந்தேன். அந்தப் பூச்சி அதில் வந்து குடிப்பதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எங்கள் நிலையத்தில் யாருமே பார்த்ததில்லை. நீங்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். எனக்குப் பொறாமை, சொல்லிவிட்டேன்.

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. வரும்போதே அதன் கண்ணில் மஞ்சள் இருந்தது என்கிறீர்கள். அது இந்தப் பூவின் மகரந்தம்தான். வேறு எந்தப் பூவும் கண்ணில் அப்படி ஒட்டாது. அதாவது, அண்ணி, அது வேறு எங்கோ இன்னொரு வெள்ளைக் குஞ்ச ஆர்க்கிட்டில் குடித்துவிட்டு உங்களிடம் வந்தது. ஏதோ ஒரு வாய்க்கால் ஓரத்தில், ரயில் பாதையில், யாரோ வைக்கோலுக்குப் புல் அறுக்கும் நிலத்திலோ, யாருக்கும் தெரியாமல் இன்னொன்று இன்று பூத்து நிற்கிறது. அந்தப் பூச்சிக்குத் தெரியும். மக்காச்சோளக் கடலைத் தாண்டி அது ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறது. நான் எழுந்து வெளியே போய்ச் சும்மா நின்றேன். என் வேலையெல்லாம் எவ்வளவு சின்னது என்று தோன்றியது, அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அது உங்கள் இடத்தில் நிற்பதைப் பற்றி நான் எதுவும் எழுத மாட்டேன். எப்போதும் கேட்க மாட்டேன்.

அலைடா


நியூ டோக்கம்
11 அக்டோபர் 1998

அன்புள்ள அலைடா,

நீ எழுதாமல் விட்டதைத்தான் முதலில் படித்தேன்.

ஜூலையில் நீ வந்தபோதும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பூவைப் பார்த்தாய், கல்லில் என் பெயரைப் பார்த்தாய், வானிலை பேசினாய். நான் உன் அண்ணனோடு நாற்பத்தோரு வருடம் குடித்தனம் நடத்தினவள், உங்கள் குடும்பத்து மௌனம் எனக்கு அத்துப்படி. என்னைப் புதைக்கக் குழி வெட்டினால் அந்தச் செடி போகும், அதைச் சுற்றி முளைக்கப் போவதும் போகும். வேறு மூலையில் மேட்டு நிலம் இருக்கிறது, பிறகு சேர்த்த உழுத நிலம், அங்கே எனக்கு இடம் தருவதாக டர்க்கே வந்து சொன்னான். நல்ல மனதோடுதான் சொன்னான். "கெரிட்டு இங்க இருந்து அங்க கூப்பிட்டா கேக்குற தூரந்தான்" என்றான். கெரிட் கூப்பிட்டு நான் என்றைக்குப் போனேன்? அவரை விட்டு அந்தக் கோடிக்குப் போய்ப் படுக்க எனக்கு மனம் வரவில்லை. செப்டம்பர் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. ஒரு செடிக்காக இப்படி ஒரு கேள்வி வருமா என்று உன்மேல்கூடக் கோபப்பட்டேன்.

பிறகு போதகரிடம் போனேன். நம் சனங்களில் யாரையும் எரித்ததில்லை. கடைசி நாளில் எழுந்திருக்க உடம்பு வேண்டும் என்று என் அம்மா சொல்லித்தான் வளர்த்தார். நான் போதகரிடம், "மண்ணாப் போனவங்களையே எழுப்புறவருக்கு, சாம்பலாப் போனவள எழுப்பத் தெரியாதா?" என்று கேட்டேன். அவர் சட்டைப்பையில் பெப்பர்மின்ட் தேடினார். "ஹெர்மினா, இந்தக் கேள்வி எங்கிருந்து வந்துச்சு?" என்றார். கல்லறையிலிருந்து என்றேன். பிறகு அவர் சொன்னார், "எனக்குத் தெரிஞ்சவரைக்கும் அவரால ஆகாதது ஒண்ணும் இல்ல." அது போதும் எனக்கு.

ஆக, முடிவு இது. என்னை எரித்துவிடுங்கள். சாம்பலை கெரிட்டின் குழியிலேயே, அவர் மேலேயே வையுங்கள். அந்த மண் ஏற்கனவே வெட்டின மண், அங்கே யாருக்கும் நஷ்டமில்லை. கட்டிலில் முக்கால் பங்கு அவர் எடுத்துக்கொண்டார், இப்போது அவர் பங்கில் நான் படுக்கிறேன், ஒரு பேச்சுப் பேச முடியாது. கல் அப்படியே இருக்கட்டும். என் பெயர் என் இடத்தில் நிற்கும், நான் கொஞ்சம் தள்ளி இருப்பேன். கடவுளுக்கு முகவரி தெரியும்.

குழு எழுதி வாங்கிக்கொண்டது. நீதான் இதைச் செய்ய வேண்டும், உன்னைவிட எனக்கு நெருக்கமானவர் யாரும் இல்லை. இதை எழுதும்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

அந்தச் செடியின் காய் நேற்று வெடித்தது. நீ சொன்னபடி பையில் கொஞ்சம் எடுத்து வைத்தேன், மிச்சத்தை விட்டுவிட்டேன். விதை என்றால் விதை இல்லை, தூசி. ஒரு காயில் ஆயிரமாயிரம். காற்று அதை எடுத்துக்கொண்டு என் இடம் முழுக்கப் பரப்பியது. அது முளைத்துப் பூக்க எத்தனையோ வருடம் ஆகும், நான் பார்க்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பேன்.

ஹெர்மினா